படத்தில் இருக்கிற அக்கா

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பொடிசும் சுகம். நீ, அத்தான், அம்மா மூவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். அம்மாவின் ரத்த அழுத்தம் இறங்கியதா? மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்துவைக்கிறாளா?

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போன் முன்னறையில் இருக்கிறது. முன்னறை இப்போது கடையாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அண்ணி வேலை பார்த்த சீருடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவை மூடிவிட்டார்கள். தன் தம்பியை, என் வீட்டுக்காரரை, ஆளாக்குகிறேன் என்று கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல், பதினெட்டு வருடம் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் தைத்தவர். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் என் அலமாரியைத் திறந்து, கல்யாணத்தன்று நான் தலையில் வைத்திருந்த அலங்காரச் சீப்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உனக்கு நினைவிருக்கும், நானே தைத்தது. வெள்ளைப் பட்டில் ஏழு பூ, நடுவில் முத்து, பின்னால் தொங்கும் வலைத்துணி.

"இதே மாதிரி இன்னொண்ணு செய்ய எத்தனை நாள் ஆகும்?"

"நாலு நாள் அண்ணி. பொடிசு தூங்கினா மூணு."

"நானும் கூட உக்காந்தா?"

"ஒண்ணரை."

"அப்ப ஆரம்பிச்சுடலாம்."

எங்கள் கூட்டு வியாபாரப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். கல்யாணப் பெண்களுக்குத் தலைச்சீப்பு, வலைமுக்காடு, துணிப்பூ வளையல், இடுப்புப் பட்டை. வெட்டும் தையலும் அண்ணி, பூவும் முத்தும் நான். மருந்துக்கடைக்காரரின் மகள் முதல் ஆளாக வந்துவிட்டாள்.

எனக்குக் குண்டூசிதான் பயம். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். பொடிசைத் தரையில் விடுவதற்கு முன் அறை முழுக்க அதை இழுத்துப் பார்ப்பேன். "நாய்க்குட்டியை நடக்கக் கூட்டிட்டுப் போறியா?" என்று அண்ணி கேட்கிறார். நேற்று மட்டும் பதினாலு ஊசி.

அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் சின்னவள்


பிப்ரவரி 5

என் செல்லத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுக்கு முழங்கால் வலி. எனக்கு முதுகு வலி, இந்த நாட்டு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை போர்வை மடிக்கிறேன் என்று கேட்காதே. அம்மாவின் அழுத்தம் குறைந்திருக்கிறது. தலையணைக்கு அடியில் தேடினேன். ஆறு மாத்திரை கிடைத்தது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊசி இடம் வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னாள். "பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு உக்காந்து பூ தைக்கிறாளே" என்று அங்கலாய்த்தாள். அத்தான், "தாவரவியல்தானே படிச்சா, பூ வேலை கிடைச்சிருக்கு" என்றார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் நாத்தனார் கறாரான ஆள். யார் எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடு. பிறகு பேசினால் மனஸ்தாபம் ஆகும்.

மாப்பிள்ளைக்கு இதில் சம்மதமா? நீ அதை எழுதவே இல்லை. பழைய அலுவலகச் சிநேகிதர் என்ற உரிமையில் அத்தான் அவருக்கு இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. எந்த ஊர், எப்போது திரும்புகிறார் என்று எழுது. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பொடிசின் கன்னத்தைக் கிள்ளினேன் என்று சொல். உன் உடம்பையும் கவனி.

உன் பெரியவள்


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பொடிசுக்கு மூன்று நாள் சளி. இப்போது தேவலை. உன் முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

கடை நன்றாகப் போகிறது. நன்றாகப் போவதால்தான் ஒரு சங்கடம். செய்வதெல்லாம் செய்த அன்றே போய்விடுவதால், வருகிறவர்களுக்குக் காட்ட மாதிரிக்கு ஒன்றுகூட இருப்பதில்லை. என் சீப்பை மருந்துக்கடைப் பெண் அளவு பார்க்க வாங்கிப்போய் இரண்டு பல்லை உடைத்துக் கொண்டுவந்தாள். அதனால் அண்ணி எங்கள் கல்யாணப் படத்தை உள்ளறையிலிருந்து எடுத்து முன்னறையில் மாட்டிவிட்டார். நேர் கீழே ஒரு நாற்காலி. வருகிற பெண்ணை அதில் உட்காரவைத்து ஆரம்பிப்பார்.

"பாத்துக்கங்க. படத்துல இருக்கறதும் இவதான், உங்க தலையில ஊசி குத்தறதும் இவதான். என் தம்பி பொண்டாட்டி. எப்படி இருக்கா பாருங்க. இதைப் போட்டுக்கிட்டுப் போனவ, ஒரு குறையும் இல்லாம இருக்கா."

ஒரு பெண்ணின் அம்மா கேட்டாள், "நீங்க உங்க கல்யாணத்துக்கு எது போட்டீங்க?"

"நான் கல்யாணமே பண்ணிக்கலம்மா. டாக்டர் மருந்து குடிச்சுக் காட்டிட்டா குடுக்கறாரு? அதுக்குத்தான் இவளை வெச்சிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்னொரு கூத்து கேள். அந்தப் படத்தில் ஐந்தாவது பூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நான் அவசரத்தில் தப்பாகத் தைத்தது. நேராகத் தைத்துக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். "படத்துல சாஞ்சிருக்கே, அப்படியே வேணும்." இப்போது அளவுகோல் வைத்துச் சாய்க்கிறேன். நான் செய்த தப்பு எத்தனை பேர் தலையில் ஏறிப் போகிறது பார்.

அவருக்கு அங்கே வேலை அதிகம். அத்தான் போன் செய்ததைக் கவனித்திருக்க மாட்டார். அம்மாவிடம் அப்படியே சொல்.

தறிகெட்டு ஓடும் பொடிசைப் பிடிக்க எழுந்திருக்கும்,
சின்னவள்


மார்ச் 21

செல்லத் தங்கைக்கு,

அனைவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஐந்தாவது பூவைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பொடிசுக்குச் சளி என்றதும் துளசியா கஷாயமா என்று ஒரு பட்டியல் சொன்னாள். நீ டாக்டரிடமே காட்டு. அத்தானுக்கு முழங்காலுக்குப் பட்டை கொடுத்திருக்கிறார்கள். இங்கே வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
பெரியவள்

(தனித்தாள்)

மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இது உனக்கு மட்டும்.

மாப்பிள்ளை படத்தில் இருக்கிறார், சரி. வீட்டில் இருக்கிறாரா?


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் இருமல் நின்றதா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன், எழுத முடியவில்லை. போன வாரம் பொடிசு ஒரு முத்தை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டது.

காந்தத்தில் முத்து ஒட்டாது, பார். அதை நான் யோசிக்கவே இல்லை. எத்தனை ஊசி பொறுக்கினேன் என்ற பெருமையில் இருந்துவிட்டேன். ஒரு பக்க மூச்சில் விசில் மாதிரி சத்தம். அண்ணி ஊக்கை வளைத்து எடுக்கப் பார்த்தார். நான் கையைத் தட்டிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார். அன்று முழுக்க நான் ஊசியைத் தொடவில்லை.

அங்கே சீட்டு எழுதுகிற நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அந்தப் படத்துல இருக்கற அக்காதானே? எங்க தங்கச்சிக்கு உங்ககிட்டதான் வாங்கினோம். சார் வரலையா?"

"வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லி, சிரித்தேன். குழந்தை மூக்கில் முத்தோடு அழுகிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பழகிவிட்டது போலிருக்கிறது.

இப்போது முத்துகளை மேலே பரணில் வைத்து, ஏணி போட்டு எடுக்கிறோம். இருந்தாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதன் மூக்கைப் பார்க்கிறேன். அதுவே இப்போது முகத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

தனித்தாள் கிடைத்தது. அதற்கும் எழுதுவேன். இன்றைக்கு வேண்டாம்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லும்,
சின்னவள்


மே 9

அக்கா,

இது முழுக்கத் தனித்தாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நீ கேட்டதற்குப் பதில்: வீட்டில் இல்லை. போன அக்டோபரிலிருந்து இல்லை.

ஒரு வார வேலை என்று சொல்லி இரண்டு சட்டையோடு கிளம்பினார். மூன்றாவது வாரம் அண்ணி தொழிற்சாலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், "அவன் வர மாட்டான்" என்றார். அங்கே ஒரு பெண்ணோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாராம். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்த பழக்கமாம். அழுதாயா, சண்டை போட்டாயா என்று கேட்பாய். அடுப்பில் பால் இருந்தது. பொடிசுக்கு ஆற்றிக் கொடுத்தேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ தேடிப் பிடித்த வரன். அது தெரிந்தால் உன் மனசு நோகும் என்று மறைத்தேன். முதலில் ஒரு மாதம் பார்க்கலாம் என்று மறைத்தேன். அப்புறம் கடை வந்துவிட்டது. மறைப்பதே வேலையாகிவிட்டது.

போன மாதம் அண்ணியிடம் கேட்டேன்.

"படத்தைக் கழட்டிடலாம் அண்ணி."

"கழட்டிட்டு?"

"பூ நல்லா இருக்குன்னு வாங்கறவங்க வாங்கட்டும்."

"பூவை எவ வாங்கறா? பெரிய கடையில இதைவிடப் பளபளன்னு குவிஞ்சு கிடக்கு. இங்க வர்றவ உன்னை வாங்கத்தான் வர்றா."

"நான் இப்படி இருக்கேனே."

"எப்படி இருக்கே? சோறு இருக்கு, கூரை இருக்கு, புள்ளை இருக்கு. அவன்தான் இல்லை. அதை யாரு உள்ள வந்து எட்டிப் பாக்கப் போறா?"

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அண்ணி கெட்டவர் இல்லை அக்கா. கெட்டவராக இருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். பொடிசுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். தம்பி செய்ததற்கு அவர் என்ன செய்வார்? இந்தக் கடை ஓடாவிட்டால் அவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஓடுவதற்கு நான் தினமும் அந்தப் படத்துக்குக் கீழே, புருஷனோடு வாழ்கிறவளாக நிற்க வேண்டும். இறங்கிப் போகலாம் என்றால் பொடிசை யாரிடம் விடுவது, தொடாமல் ஆறு வருடம் ஆன படிப்பை வைத்துக்கொண்டு எங்கே வேலை கேட்பது?

நீ ஏதாவது சொல். திட்டினாலும் சரி.

சின்னவள்


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை பயந்துகொண்டே கேட்கிறேன். மே மாதம் எழுதியது கிடைத்ததா? தொலைந்திருந்தால் சொல், மறுபடி எழுத வேண்டியிருக்கும். எழுத எனக்குத் தெம்பு இருக்குமா தெரியவில்லை.

இங்கே புதுசாக ஒன்று. அண்ணி பஸ் நிறுத்தத்தில் பெரிய விளம்பரப் பலகை வைத்துவிட்டார். என்னைக் கேட்டபோது நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பலகை எழுதுகிறவர் வந்து, எங்கள் கல்யாணப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக வரைந்தார்.

"சார் முகம் படத்துல தெளிவா இல்லையே. கொஞ்சம் தெளிவாக்கிடட்டுங்களா?"

"அவன் எப்பவுமே அப்படித்தான், விடு" என்றார் அண்ணி. "நீ அவளைப் பாத்து ஒழுங்கா வரை. பூ ஏழு. எண்ணிக்கோ."

முடிந்ததும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கதவு உயரத்துக்கு இரண்டு முகம். எனக்கு இல்லாத சிரிப்பு ஒன்றைப் பலகைக்காரர் தன் பங்குக்குச் சேர்த்திருந்தார். பொடிசு என் முகத்தைக் காட்டி "அம்மா" என்றது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எல்லாம் கொஞ்சினார்கள். பிறகு பக்கத்து முகத்தைக் காட்டி, "யாரு?" என்றது.

நான் குடையை விரித்து அதன் முகத்தை மறைத்தேன். வெயில் இல்லை, மழையும் இல்லை.

வெளியே போனால் இப்போது எல்லாருக்கும் என்னைத் தெரிகிறது. காய்கறி எடுக்கும்போதும் சிரித்த முகமாக எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் வீடு கடை. முகத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. குளியலறையில் கொஞ்ச நேரம் கிடைக்கிறது, பொடிசு கதவைத் தட்டும்வரை.

ஒரு வரியாவது எழுது.

சின்னவள்


ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

கவலைப்படாதே, எல்லாருக்கும் உடம்பு சுகம். அம்மா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். அத்தான் நடக்க ஆரம்பித்திருக்கிறார்.

மே மாதக் கடிதம் கிடைத்தது. தொலையவில்லை. நான் உனக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத எழுத நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறு.

பொடிசைப் பார்த்துக்கொள்.

பெரியவள்


ஜூலை 29

என் தங்கைக்கு,

நீயும் பொடிசும் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் மே மாதக் கடிதத்தில், என் மனசு நோகும் என்று மறைத்ததாக எழுதியிருந்தாய். இரண்டு மாதத்துக்கும் மேலாக அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்பே தெரியும்.

உன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அத்தான் அலுவலகத்தில் பேச்சு வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு பெண்ணோடு பழக்கம், ஒருமுறை அவளோடு போய்த் தங்கிவிட்டுத் திரும்பி வந்தவர் என்று. நிறுத்திவிடலாம் என்றார் அத்தான். நான் தனியாகப் பஸ் ஏறி உன் நாத்தனாரைப் பார்க்கப் போனேன். தொழிற்சாலை வாசலில், சாப்பாட்டு இடைவேளையில் நின்றுகொண்டே பேசினோம். அவர் மறுக்கவில்லை. "அது முடிஞ்ச கதைம்மா. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தேன். அவரை நம்பியதால் இல்லை. எங்களுக்கு இந்த நாட்டுக்கு வரப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அம்மாவை அழைத்துக்கொண்டு வரலாம், உனக்கு அனுமதி இல்லை. உன்னை ஓர் இடத்தில் சேர்த்துவிட்டுப் போகாவிட்டால் நான் போக முடியாது. எனக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் தேடித்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். கிடைக்கவில்லை.

நீ அன்று சாயங்காலம் பூ தைத்துக்கொண்டே, "அவரைப் பத்தி நல்லா விசாரிச்சியாக்கா?" என்று கேட்டாய். "எல்லாம் விசாரிச்சாச்சு, நீ தை" என்றேன்.

அம்மாவிடம் போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரோடு பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவள் சாவகாசமாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "எனக்கு எப்பவோ தெரியும். நீ படிக்கிற கடுதாசியில மாப்பிள்ளை ஒரு தும்மல்கூடப் போடலையே" என்றாள். என் விஷயத்தைக் கேட்டதிலிருந்து என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

நீ இங்கே வர விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வருடம் ஆகுமாம். அதற்கும் முன்னால் நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. எழுதாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் செய்துகாட்டியவள் நான்.

பெரியவள்


ஆகஸ்ட் 27, புதன்கிழமை

அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவைச் சாப்பிட உன்னோடு உட்காரச் சொன்னேன் என்று சொல்.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். நான்கு தாள். எல்லாவற்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். அண்ணியிடமும் அதைக் கேட்டேன். "ஆமா, சொன்னேன்" என்றார். "வேற என்ன சொல்லியிருப்பேன்? அவன் என் தம்பி." அதையும் எழுதி ஐந்தாவது தாளாகச் சேர்த்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். ஆனால் போன சனிக்கிழமைக்குப் பிறகு அதை அனுப்ப முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு பெண் தனியாக வந்தாள். பல் டாக்டரின் கிளினிக்கில் சீட்டு கொடுக்கிறவள். எப்போதும் இரண்டு மூன்று பேராகத்தான் வருவார்கள். இவளோடு யாரும் இல்லை. அண்ணி உள்ளே இயந்திரத்தில் இருந்தார். நான் அவளைப் படத்துக்குக் கீழே உட்காரவைத்து, தலை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

என் வாயில் நான்கு ஊசி. தலையை ஆட்டினேன்.

"அவருக்கு முன்னாடி யாரோடவோ பழக்கம் இருந்துச்சாம். இப்ப இல்லைங்கறாங்க. வீட்டுல கேட்டா, கல்யாண நேரத்துல இதெல்லாம் பேசாதேங்கறாங்க. எங்க அம்மாகூட சட்டுனு பேச்சை மாத்திடறாங்க. நான் தினம் பஸ்ஸுக்கு நிக்கறப்ப உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் ஏறுவேன். பாத்தா ஒரு தெம்பு வரும். அதான் உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் சரியாயிடும் இல்லக்கா?"

உள்ளே தையல் இயந்திரம் நின்றது.

ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தேன். நான்கையும் துணியில் குத்தினேன். நேரம் இருந்தது அக்கா. யோசிக்கவே விடவில்லை, வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள முடியாது. நேரம் இருந்தது.

"சரியாயிடும்மா" என்றேன்.

அவளுடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் முக்காடு, வளையல், இடுப்புப் பட்டை எல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

எவ்வளவு சுலபமாக வருகிறது. நீ அன்று எந்த முகத்தோடு "நீ தை" என்று சொல்லியிருப்பாய் என்று உன் கடிதத்தைப் படித்தபோது யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த முகம் எனக்கும் இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. திட்டவும் வரவில்லை.

அண்ணி அன்று அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் கேட்கவில்லை.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நாம என்ன செய்ய முடியும்? நாம தலைக்கு மேல வெக்கறதைத்தானே விக்கறோம்."

நான்கு நாளில் எல்லாம் தைத்து முடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இத்தனை அவசரம் எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை. நாளைக்கு நானே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றதும்தான் நிமிர்ந்தார்.

"அவளே வந்து வாங்கிக்க மாட்டாளா?"

"நானே போறேன் அண்ணி."

"போய்?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை இழுத்து, சீப்பை உள்ளே வைத்து, மேலே காகிதம் போட்டு, நூலால் கட்டினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முடிச்சை மட்டும் மூன்று தடவை போட்டார்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லுவாள். அவள் வீட்டார் பஸ் நிறுத்தத்தில் நின்றே பேசுவார்கள். கடைக்கு ஆள் வராது. வீடு அண்ணியுடையது. இறங்கு என்று சொன்னால் நானும் பொடிசும் எந்தப் பக்கம் நடப்பது என்று இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அவ்வளவும் ஆன பிறகு அவள், "பரவாயில்லக்கா, இவரு அப்படி இல்லை" என்று சிரித்துக்கொண்டே அவனைக் கட்டிக்கொள்ளவும் கூடும்.

இன்னொன்றும் தெரியும். என்னை நம்ப முடியாது. அவள் பெட்டியைத் திறந்து, கண்ணை விரித்து, "ரொம்ப அழகா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டால் போதும், நான் அளவு சரியா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். சனிக்கிழமை அதைத்தானே செய்தேன்.

அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். கிளினிக் இருக்கிற தெருவின் முனையில் ஒரு தபால்பெட்டி இருக்கிறது. பொடிசை ஒரு கையிலும் பெட்டியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, இதை அதற்குள் போட்ட பிறகுதான் தெருவுக்குள் திரும்புவேன். போட்ட கடிதத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நீ இதைப் படிக்கும்போது நான் அவளிடம் சொல்லி முடித்துப் பத்து நாள் ஆகியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சொன்னாயா என்று உடனே கேட்டு எழுது.

உன் சின்னவள்